பத்துக்கு நாலு

உக்காருங்க சார், இடம் இருக்கு. இந்த ஃபைலை எடுத்து மடியில வச்சுக்கிறேன். ஜன்னலோரம் வேணும்னா நீங்க வாங்க, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். நான் போடி வரைக்கும். நீங்க? தேனியா. அப்ப ரெண்டு மணி நேரத்துக்குப் பேச்சுத் துணை ஆச்சு.

அந்தா, முன்னால மூணாவது சீட்டுல ஊதாச் சேலை தெரியுதுல்ல, அது என் வீட்டுக்காரம்மா. தவமணி. லேடீஸ் சீட்டுல அவளை உக்கார வச்சுட்டு நான் இங்குட்டு வந்துட்டேன். பக்கத்துல உக்காந்தா மட்டும் என்ன பேசவா போறா? பையை எப்படி அணைச்சுப் பிடிச்சிருக்கா பாருங்க. வலது பக்கமா, விலாவோட சேத்து. நாலஞ்சு மாசமா பஸ்ஸுல ஏறுனா இப்படித்தான். திருட்டுப் பயம் சார் அவளுக்கு.

ஆமா, ஆஸ்பத்திரி ஃபைல்தான். தடிமனாத்தான் இருக்கும், ஆறு வருஷத்து ரிப்போர்ட்டுல்ல. தேதி வாரியா ஓட்டை போட்டுக் கட்டியிருக்கேன். எந்த டாக்டர் எந்தக் காகிதம் கேட்டாலும் அரை நிமிஷத்துல எடுத்துக் குடுத்துருவேன். நர்ஸுங்களே சொல்லுவாங்க, சார் மாதிரி யாரும் ஃபைல் வச்சுக்கிறது இல்லன்னு. நான் கணக்கு வாத்தியார். குருசாமி வாத்தியார்னா போடியில தெரியும். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். இந்த மே முப்பத்தொண்ணுதான் ரிட்டயர் ஆனேன்.

உங்க மச்சினிக்கும் பித்தப்பையா? கல்லா? கல்லுன்னா கவலையே படாதீங்க. பையை எடுத்துட்டா முடிஞ்சுது. இவளுக்கு அது இல்ல. இது பித்தநாளம். ஈரல்ல இருந்து பித்தம் இறங்குற குழாய் இருக்குல்ல, அது உள்ளுக்குள்ளயே தழும்பு விழுந்து சுருங்கிக்கிட்டே வரும். ஏன் வருதுன்னு தெரியாது. முழுசா குணமாக்க மருந்தும் கிடையாது. ஊர்ல எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க, பித்தப்பையை எடுத்துற வேண்டியதுதானேன்னு. பை வேற, நாளம் வேறன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. இப்பல்லாம் "ஆமா, எடுக்கணும்"னு சொல்லிட்டுப் போயிர்றது.

ஆறு வருஷத்துக்கு முன்னால உடம்பெல்லாம் அரிப்புன்னா. சோப்பை மாத்துனோம். அப்புறம் கண்ணு மஞ்சளாச்சு. சாதாரணக் காமாலைன்னு கீழாநெல்லியை அரைச்சுக் குடுத்துக்கிட்டு ஒரு மாசம் ஓட்டிட்டோம். கடைசியில மதுரைக்குக் கூட்டிட்டு வந்துதான் என்னன்னு தெரிஞ்சது. ரெண்டு தடவை வாய் வழியா உள்ள போய் அடைப்பை எடுத்து விட்டாங்க.

அதுல இருந்து காலையில எந்திரிச்சதும் நான் செய்யிற முதல் வேலை அவ கண்ணைப் பாக்குறதுதான். வாசலுக்குக் கூட்டிட்டு வந்து கீழ் இமையை இழுத்துப் பாப்பேன். பல்பு வெளிச்சத்துல எல்லாமே மஞ்சளாத் தெரியும், அதனால வெயில் வந்தப்புறம்தான். ஆறு வருஷத்துல நான் ஊர்ல இருந்த ஒருநாள் கூடத் தவறுனது இல்ல. வெள்ளையா இருந்தா "சரி, போ"ன்னுருவேன். அவளும் போயிருவா. அவ்வளவுதான் எங்க வீட்டுப் பேச்சு.

இந்த மாசியிலதான் வலின்னு ஆரம்பிச்சா. வலது பக்கம், விலாவுக்குக் கீழ. பின்னால முதுகு வரைக்கும் போகுதுன்னா. நான் உடனே கண்ணைப் பாத்தேன். வெள்ளை. காய்ச்சல் இருக்கான்னு பாத்தேன். இல்ல. சரி, எதுக்கும் இருக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன். ரத்தம் எடுத்தாங்க. ஸ்கேன் பண்ணாங்க. அந்தப் பெரிய குகை மாதிரி மெஷினுக்குள்ள படுக்க வச்சும் பாத்தாங்க. புதுசா அடைப்பு இல்ல. கல் இல்ல. கட்டி இல்ல. வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாத்தாங்க, புண்ணும் இல்ல. இந்தாங்க, எல்லாம் இங்கதான் இருக்கு, பாருங்க. எல்லாம் பழையபடியேன்னு எழுதியிருக்கு.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா சார். அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல அவளுக்கு இளநி வாங்கிக் குடுத்தேன். "எல்லாம் நார்மல்"னேன். அவ இளநியைக் கையில வச்சுக்கிட்டு, "அப்ப எதுனாலங்க வலிக்குது?"ன்னு கேட்டா. நார்மல்னு சொல்றேன், எதுனால வலிக்குதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல? "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது"ன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கலை. நல்ல குணம் அது அவகிட்ட, ஒரு தடவை சொன்னாப் போதும்.

நான் சொல்ல வந்தது இன்னிக்கு நடந்தது. அதுக்கு முன்னால இந்த மார்க் விஷயத்தைச் சொல்லணும்.

ஆஸ்பத்திரிக்குப் போனா கேப்பாங்க சார், வலி பத்துக்கு எத்தனைன்னு. ஒண்ணுமே இல்லன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து. மொத தடவை ஒரு சின்ன டாக்டர் கேட்டார். இவளைத்தான் கேட்டார். இவ என்னைப் பாத்தா. எப்பவும் அப்படித்தான், வயசு கேட்டாக்கூட என்னைத்தான் பாப்பா. நான் யோசிச்சு, "நாலு"ன்னேன்.

ஏன் நாலுன்னு கேளுங்க. சர்வீஸ்ல நான் ஒருத்தனுக்குக் கூடப் பத்துக்குப் பத்து போட்டது கிடையாது. ஏழுக்கு மேல என் கை போகாது. மார்க் போடுறதுல குருசாமி கை இறுக்கம்னு ஹெட்மாஸ்டரே சொல்லுவார். அள்ளிப் போட்டுட்டா அப்புறம் மார்க்குக்கு என்ன மதிப்பு? இவ வலிக்கும் நான் நியாயமாத்தான் போட்டேன். நூத்துக்கு முப்பத்தஞ்சு பாஸ். பத்துக்கு நாலுன்னா பாஸ் மார்க்குக்கு மேல. வலியே இல்லன்னு நான் சொல்லலையே. பாஸ் போட்டிருக்கேன்ல?

அடுத்த தடவையும் நாலுன்னேன். அதுக்கு அடுத்த தடவையும் நாலு. அஞ்சு தடவை வந்திருக்கோம், அஞ்சு சீட்டுலயும் நாலுன்னுதான் இருக்கும். மாத்தி மாத்திச் சொன்னா டாக்டருக்குக் குழப்பம். நாலுக்குன்னு ஒரு சாதா மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ஈரல் கெட்டுப் போனவங்களுக்கு மாத்திரையை யோசிச்சுத்தான் குடுக்கணும், அதுவும் ஒரு காரணம்.

ரெண்டாவது தடவையோ மூணாவது தடவையோ ஒரு நர்ஸம்மா இவகிட்ட, "தினமும் எத்தனைன்னு குறிச்சு வைங்கம்மா"ன்னு சொன்னாங்க. நான் சொல்லிட்டேன், ஃபைல் நான் பாத்துக்கிறேன்மான்னு. இவளுக்கு எழுதுறதுல ஒரு ஒழுங்கு கிடையாது சார். ஒரு உதாரணம் சொல்றேன். எங்க வீட்ல தினசரி காலண்டர் இருக்கு. கிழிக்கிற தாளை நான் தூரப் போட மாட்டேன், பின்பக்கம் வெள்ளையா இருக்கும், கணக்குப் போட ஆகும், க்ளிப்புல மாட்டி வச்சுக்குவேன். கொஞ்ச நாளா அந்தத் தாள்ல ராகு காலத்துக்குப் பக்கத்துல பென்சில்ல ஏழு, எட்டு, ஆறுன்னு எழுதியிருக்கு. என்னடி இதுன்னேன். "தண்ணி வந்த நேரங்க"ன்னா. எங்க தெருவுல முனிசிபாலிட்டித் தண்ணிக்கு நேரங்காலம் கிடையாது, நல்ல விஷயந்தான். ஆனா வெறும் எட்டுன்னு எழுதுனா என்ன அர்த்தம்? காலை எட்டா, சாயங்காலம் எட்டா? நல்லாத் திட்டிட்டேன். மறுநாள்ல இருந்து எட்டு போட்டு பக்கத்துல "கா"ன்னு எழுதுறா. காலை. சொன்னாக் கேட்டுக்குவா.

சரி, இன்னிக்கு. பழைய டாக்டர் மாத்தலாகிப் போயிட்டார். புதுசா மெஹருன்னிசான்னு ஒரு லேடி டாக்டர். சின்ன வயசுதான். ஃபைலை வாங்கிப் புரட்டுனாங்க. என் ஃபைலைப் பாத்து ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லலை. "இப்ப வலி எத்தனைம்மா?"ன்னாங்க. இவ என்னைப் பாத்தா. நான் "நாலு"ன்னேன்.

அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு, "சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க"ன்னாங்க.

என்னை, சார். முப்பத்தோரு வருஷம் எத்தனை பயலை வெளிய நிக்க வச்சிருப்பேன். என்னை வெளிய உக்காரச் சொல்றாங்க. நான் எந்திரிக்கலை. "நான் அவ வீட்டுக்காரர்"னேன். "தெரியும் சார், பத்து நிமிஷம்"னாங்க. இவளாவது, அவர் இருக்கட்டும்னு சொல்லுவான்னு பாத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ஃபைலைக் கூட உள்ளயே வச்சுட்டு வந்தேன்.

இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. கதவுல கண்ணாடி இருக்கு, ஆனா வெள்ளைத் தாள் ஒட்டியிருக்காங்க. இவ பேசுற சத்தம் கேட்டுது. என்ன பேசுறான்னு கேக்கலை, பேசுறான்னு மட்டும் தெரிஞ்சுது. இவ சேந்தாப்புல அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்ல சார்.

அப்புறம் கூப்பிட்டாங்க. டாக்டரம்மா சொல்றாங்க, "சார், உங்க வீட்டம்மாவுக்கு எட்டு. சில நாள் ஒம்பது."

நான் சிரிச்சுட்டேன். "எட்டா?"ன்னேன். "எட்டுன்னா தரையில உருளணுமே டாக்டர்"னேன். இன்னிக்கு வெள்ளன எந்திரிச்சு இட்லி ஊத்தி, புளிச்சாதம் கட்டி எடுத்துக்கிட்டு வந்திருக்கா. என் ரிட்டயர்மெண்ட் அன்னிக்கு வீட்ல அறுபது பேருக்குச் சாப்பாடு. ரோட்டுல குழாய் உடைஞ்சு மூணு நாளா எங்க தெருவுக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது, லாரித் தண்ணி வாங்கித்தான் ஒப்பேத்துனோம். சமையலுக்கு ஆள் வச்சேன், ஆனா அறுபது பேருக்கும் இலை போட்டுப் பரிமாறுனது இவதான். ஃபோட்டோ இருக்கு, சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. எட்டு வலிக்கிறவ அப்படி நிப்பாளா? மறுகூட்டல் போடுங்க டாக்டர்னு சொல்லிட்டேன்.

அந்தம்மா சிரிக்கலை. ரிப்போர்ட்டெல்லாம் நல்லா இருந்தாலும் இந்த வியாதியில வலி வரும்னாங்க. ஏன்னு அவங்களுக்கே முழுசாத் தெரியாதாம். தெரியலைங்கிறதால வலி இல்லன்னு ஆகாதுன்னாங்க. நாலுன்னு எழுதியிருந்ததால முன்னால யாரும் பெருசா எடுத்துக்கலை, இனி வலிக்குன்னு தனியா மருந்து பாக்கலாம்னாங்க. இத்தனை நாளும் ஏம்மா சொல்லலைன்னு இவளைக் கேட்டாங்களாம். அதுக்கு இவ என்ன சொன்னாளாம் தெரியுமா? "சார்தான் நாலுன்னு சொல்லிட்டாரே"ன்னாளாம். மத்தவங்ககிட்டப் பேசுறப்ப என்னை சார்னுதான் சொல்லுவா.

அப்புறம் டாக்டர் சொல்றாங்க, தினமும் எத்தனைன்னு எழுதி வச்சிருக்காங்களாம்னு. பொய் சார் அது. எங்க வீட்ல நான் பாக்காத காகிதமே கிடையாது. ஒரு நோட்டுக் கூட இல்ல. டாக்டர் கேட்டதும் பயந்துபோய் என்னத்தையோ சொல்லியிருக்கா. நான் அங்க வச்சு எதுவும் கேக்கலை, எதுக்கு மானத்தை வாங்கணும்னு.

ஒரு அட்டை குடுத்திருக்காங்க. இந்தா இதுதான். தேதி, காலை, மதியம், இரவு. கீழ சிவப்புல கோடு போட்டிருக்காங்க பாருங்க, நோயாளியே எழுத வேண்டும்னு. அவ கையெழுத்து கோணலா இருக்கும். நானே எழுதிரலாம்னுதான் நினைச்சுக்கிட்டு வர்றேன்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க சார். நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, தேனியில இறங்கிப் போயிருவீங்க. எனக்குப் பயம் சார். ஆறு வருஷமாப் பயம். இவ செத்துப் போயிருவாளோன்னு பயம். காலையில அந்தக் கண்ணு வெள்ளையா இருக்குன்னு பாக்குற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. நாலுன்னா மதுரைக்கு வந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். எட்டுன்னு போட்டா அவளைப் பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்குவேன்? சொல்லுங்க. எட்டு போட எனக்குக் கை வரலை.

அதை விடுங்க. உங்க மச்சினிக்கு வேணும்னா இந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான், மனுசங்களை மதிக்கத் தெரியலையே தவிர வைத்தியம் நல்லாப் பாக்குறாங்க. டாக்டர் பேரை எழுதித் தர்றேன். பேனா இருக்கு. தாளு... இந்தா, நான் சொன்னேன்ல, காலண்டர்த் தாளு, பாக்கெட்ல எப்பவும் ஒரு கட்டு இருக்கும். பின்பக்கம் எழுதுனா...

இருங்க.

ஒண்ணுமில்ல. இது மே முப்பத்தொண்ணாந் தேதித் தாளு. என் ரிட்டயர்மெண்ட் நாள். ஒம்பது, கா. அவ எழுதுனதுதான்.

அன்னிக்குத் தண்ணி வரலையே சார்.

இப்பத்தானே சொன்னேன், லாரித் தண்ணின்னு. முப்பது, எட்டு. இருபத்தொம்பது, எட்டு. இந்த மூணு நாளும் தெருவுல தண்ணியே கிடையாது. கா போட்டிருக்கா. எல்லாத்துலயும் கா போட்டிருக்கா.

இது ஏப்ரல். பதினாறு, மூணு. பதினேழு, மூணு. பதினெட்டு, ரெண்டு. இந்த வாரம் நான் வீட்ல இல்ல சார். விடைத்தாள் திருத்த திண்டுக்கல் போயிட்டேன், அங்கயே தங்கல். நான் இல்லன்னாலும் கிழிச்சு எனக்குன்னு க்ளிப்புல மாட்டி வச்சிருக்கா. ஒரு ஆளுக்குச் சமையல் கம்மி, கொஞ்சம் படுத்திருப்பா. அதான் குறைஞ்சிருக்கும். அப்படித்தான் இருக்கும். பத்தொம்பது, ஏழு. அன்னிக்கு நான் வந்துட்டேன்.

இதோட பின்பக்கமெல்லாம் நான் கணக்குப் போட்டிருக்கேன் சார்.

உசிலம்பட்டி வந்துருச்சா? பத்து நிமிஷம் நிப்பான். ஃபைலை வச்சுக்கங்க, வந்துர்றேன். இந்த அட்டையை மட்டும் எடுத்துக்கிறேன்.

*

வந்துட்டேன் சார். டீ குடிக்கலை, வேணாம். குடுங்க ஃபைலை.

அவகிட்டப் போய் நின்னேன். "இப்ப வலி எத்தனை?"ன்னு கேட்டேன். இதுவரைக்கும் நான் அவகிட்ட அதைக் கேட்டதே இல்ல சார், அங்க நிக்கிறப்பத்தான் அது எனக்குத் தெரிஞ்சது. அவ நிமிந்து பாத்துட்டு, "நாலுங்க"ன்னா.

உடனே சொல்லிட்டா. யோசிக்கவே இல்ல.

நான் அந்தக் காலண்டர்த் தாளை எடுத்துக் காட்டலை. பாக்கெட்லயேதான் இருக்கு. அட்டையைக் குடுத்தேன், பேனாவைக் குடுத்தேன். இன்னிக்குத் தேதிக்கு நேரா நீயே எழுதுன்னேன். "நானா?"ன்னா. டாக்டர் அப்படித்தான் போட்டிருக்காங்கன்னேன். பேனாவை வாங்கி, தேதியைத் தேடிப் பிடிச்சு, அந்தக் கட்டத்துல பேனாவை வச்சுட்டா. வச்சுக்கிட்டு என்னைப் பாக்குறா.

"என்னங்க போடட்டும்?"னு கேக்குறா சார்.

எட்டு போடுன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. சொல்லலை. சொல்லியிருந்தா அதுவும் நான் போட்ட மார்க்குதான். டிரைவர் ஏறிட்டான், வண்டியைக் கிளப்பிட்டான். அவ என்ன எழுதுனான்னு பாக்கலை. எழுதுனாளா இல்லையான்னும் தெரியலை. எனக்கு இப்ப ஒண்ணும் தோணலை சார். அழுகை கிழுகை ஒண்ணும் வரலை.

எழுதச் சௌகரியமா இருக்கட்டும்னு பையை நான் வாங்கிக்கிறேன்னேன். விட மாட்டேன்னுட்டா. நான் பிடிச்சு லேசா இழுத்துப் பாத்தேன். கனமே இல்ல. வாய் திறந்துதான் கிடந்துச்சு, உள்ள பாத்தேன். ஒரு துண்டு, ஒரு தண்ணி பாட்டில், காலியான சாப்பாட்டு டப்பா.

அந்தப் பையில திருடுறதுக்கு ஒண்ணுமே இல்ல சார்.